பாயின் மறுமுனையைப் பிடித்த அண்ணனுக்கு

என் கூடப்பிறந்த அண்ணே,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. அதில் ஆறரை மாதம் உன் படத்துக்கு முன்னால் நின்று மனசுக்குள் பேசிக்கொண்டிருந்தேன். கடைசிப் பதினைந்து நாளாக அதுவும் இல்லை. உன் முகத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால், நடுவில் நீ சிரித்துப் பேச்சை மாற்ற முடியாது பார்.

ஊரறியத்தான் எழுதுகிறேன். ஆனால் உன் பெயரைப் போடவில்லை. அந்த மரியாதை உனக்காக இல்லை, உன் மகளுக்காக.

முதலில் வீட்டுச் செய்தி. மதினி பழையபடி வெடிக் கம்பெனிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். காலை ஏழு மணிக்கு வேன் விஸ்வநத்தம் தெருமுனைக்கு வந்துவிடுகிறது. நான் அதே காலண்டர் கம்பெனியில்தான் இருக்கிறேன். சீசன் நேரம், ஆர்டர் குவிந்து கிடக்கிறது. அண்ணன் தவறிவிட்டான் என்று யாரிடம் சொன்னாலும் சிவகாசிப் பக்கத்துக்காரர்கள் கேட்பது ஒன்றைத்தான்: "வெடியிலயா?" இல்லை, லோடு ஏற்றி முடித்துவிட்டு லாரிக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை என்று சொன்னால், கொஞ்சம் ஏமாந்த மாதிரி "ஓகோ" என்கிறார்கள்.

பாப்பாவுக்கு ஒன்பது வயது முடிந்துவிட்டது. நாலாம் வகுப்பு. நீ இருந்தபோது வாரத்தில் ரெண்டு நாள் படுக்கையை நனைப்பாள். நீ போன பிறகு அது தினமும் ஆனது. நீ இருந்தவரை விடியுமுன் எழுந்து அவள் விரிப்பை நீயே அலசிக் காயப்போட்டுவிடுவாய். ஒருநாள்கூட அவளை ஒரு சொல் சொன்னதில்லை. இப்படி ஒரு அப்பன் யாருக்கு வாய்க்கும் என்று நானே என் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

மதினிக்கு அந்தப் பொறுமை இல்லை. வேன் ஹாரன் அடிக்கும் நேரத்தில் நாறுகிற விரிப்பை அள்ளிக்கொண்டு நிற்கிறவளுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? ஒருநாள் காலையில் அடுத்த தெருவிலிருந்து நான் போனபோது, தோசைக்கரண்டியை அடுப்பில் காயவைத்துக்கொண்டிருந்தாள். பாப்பா மூலையில் உட்கார்ந்து தன் துடையை ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். நான் பாய்ந்துபோய்க் கரண்டியைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் போட்டேன்.

"சூடு வெச்சா நின்னுரும்னு எல்லாரும் சொல்றாக தாயி, நான் என்ன செய்ய?" என்று மதினி அழுதாள்.

நான் ஏன் அப்படிப் பாய்ந்தேன் என்று உனக்குத் தெரியும். என் இடது துடையில் அம்மா சூடு வைத்த வடு இன்னமும் இருக்கிறது.

உனக்குத் தெரிந்த கதைதான், இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நமக்கு இருந்தது ஒரே அறை. அப்பாவும் அம்மாவும் ஒருபக்கம், நீயும் நானும் ஒரே கோரைப்பாயில் மறுபக்கம். நீ என்னைவிட ரெண்டு வயது மூத்தவன். நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் ஈரத்தில்தான் கண் விழித்திருக்கிறேன். நீ எனக்கு முன்னாலேயே எழுந்து, குளித்து, திருநீறு பூசி உட்கார்ந்திருப்பாய். "ஆம்பளப்புள்ள கோழி கூவுமுன்ன எந்திரிச்சிருது, இந்தப் பொட்டக்கழுத பாயக் குளமாக்கிட்டுக் கிடக்கு" என்பாள் அம்மா. அதற்கப்புறம் முதுகில் ரெண்டு விழும்.

பாயை அடிகுழாய்க்குக் கொண்டுபோய் அலசுவது என் வேலை. சரியாக அந்த நேரத்தில் வேனுக்காகப் பெண்கள் எல்லோரும் தெருமுனையில் நிற்பார்கள். "என்னடி, இன்னைக்கும் கம்மா ஒடஞ்சிருச்சா?" என்று ஒருத்தி கேட்பாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் நீ. சுருட்டிய பாயின் ஒரு முனையை நான் பிடிப்பேன், மறுமுனையை நீ பிடிப்பாய். ஒருநாள் தவறாமல் வருவாய். "தங்கச்சிக்கு எம்புட்டு ஒத்தாசையா இருக்கான் பாரு" என்று தெருவே மெச்சும். எனக்கு உன்மேல் இருந்த பாசம் முழுக்க அந்த நூறடி நடையில் வந்ததுதான் அண்ணே.

தீபாவளி நினைவிருக்கிறதா? நெருப்போடு விளையாடினால் பாயில் ஒண்ணுக்குப் போவாய் என்று எல்லா ஊரிலும் பிள்ளைகளை மிரட்டுவார்கள். நம் வீட்டில் அது சட்டம். அப்பாவும் அம்மாவும் வருசம் முழுக்க வெடிமருந்தில் புழங்குகிறவர்கள், வீட்டில் கம்பெனி கொடுத்த பெட்டி பெட்டியாகப் பட்டாசு இருக்கும், நான் ஒரு சாட்டைகூடப் பிடிக்கக் கூடாது. "நீயும்தான் நாள் பூரா மருந்தத் தொடுற, நீ போறதில்லையே?" என்று அம்மாவைக் கேட்டு ஒரு அறை வாங்கினேன். என் பங்கு வெடியையும் சேர்த்து நீ வெடிப்பாய். நான் கதவுக்குப் பின்னால் நின்று, அண்ணன் எனக்காக வெடிக்கிறான் என்று கைதட்டிக்கொண்டிருப்பேன். என்னைப்போல ஒரு கூமுட்டை இந்த ஜில்லாவில் இருந்திருக்க மாட்டாள்.

சரி, டாக்டரிடம் போன கதைக்கு வருகிறேன். கரண்டி விவகாரத்துக்குப் பிறகு பாப்பா இன்னொரு வேலை செய்தாள். மத்தியானத்துக்கு மேல் சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. உதடு வெடித்துக் கிடந்தது. அதைவிடப் பெரிய கவலை வேறு. காலையில் எழுந்ததும் உன் படம் இருக்கிற சுவர்ப்பக்கம் திரும்பவே மாட்டாள். தலையைக் குனிந்துகொண்டே வெளியே போவாள். ஏன் என்று கேட்டேன். "அப்பா மேல இருந்து பாக்கும்ல அத்தே. அசிங்கமா நெனைக்கும்ல" என்றாள். அன்றைக்கே லீவு போட்டேன். மதினியையும் இழுத்துக்கொண்டு மூன்று பேருமாக விருதுநகரில் ஒரு குழந்தைகள் டாக்டரிடம் போனோம்.

நல்ல டாக்டரம்மா. முதலில் பாப்பாவைப் பார்த்து, "இது உன் தப்பு இல்ல கண்ணு, தூக்கத்துல நடக்கிறதுக்கு யாரும் பொறுப்பில்ல" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை முட்டியது. பிறகு மூத்திரத்தைச் சோதித்தார். கிருமி இல்லை, சர்க்கரை இல்லை. குறட்டை விடுகிறாளா என்றார். ஒருநாள்விட்டு ஒருநாள் வெளிக்கி இறுகிப் போகிறதா என்றார். ஆமாம் என்றாள் மதினி. பள்ளிக்கூடத்தில் ஒண்ணுக்குப் போவாயா என்று பாப்பாவைக் கேட்டார். அங்கே நாறும், அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துதான் போவேன் என்றாள் அவள்.

அதற்கப்புறம் ஒரு தாளில் படம் போட்டே காட்டினார். மூத்திரப்பை நிறைந்தால் மூளைக்குத் தகவல் போகவேண்டும். சில பிள்ளைகளுக்குத் தூக்கம் அடர்த்தி, தகவல் போனாலும் மூளை எழுப்பாது, அந்த நரம்பு வேலை பழக நாள் பிடிக்கும். ராத்திரியில் மூத்திரத்தைக் குறைவாக ஊறவைக்க உடம்பில் ஒரு ஹார்மோன் சுரக்கும், சிலருக்கு அது போதாது. சிலருக்குப் பை சின்னதாக இருக்கும். மலச்சிக்கல் இருந்தால் நிறைந்த குடல் பையைப் போட்டு அமுக்கும். அழுத்தக்காரப் பிள்ளை, சோம்பேறிப் பிள்ளை என்பதெல்லாம் சுத்தப் பேத்தல் என்றார். பெரிய துக்கம் வந்தால் இருப்பது கூடும், அவ்வளவுதான்.

"இது பெரும்பாலும் குடும்பத்துல வர்றது. வீட்டுல யாருக்காவது சின்ன வயசுல இருந்துச்சா?" என்று கேட்டார்.

நான் கட்டிக்கொண்ட புருசனிடம்கூடச் சொல்லாத விஷயம் அண்ணே. பாப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக வாயைத் திறந்தேன். "எனக்கு இருந்துச்சு டாக்டர். பன்னெண்டு வயசு வரைக்கும்."

டாக்டரம்மா எழுதப் போனார். மதினி தரையைப் பார்த்தபடி, "பாப்பா, நீ செத்த வெளிய உக்காரு" என்றாள். அவள் போனதும், "இவளுக்கு இல்ல டாக்டர். பிள்ளையோட அப்பாவுக்குத்தான்" என்றாள்.

"மதினி, ஆள மாத்திச் சொல்றீக" என்றேன்.

"இல்ல தாயி. அவுகளே சொன்னாக, கல்யாணமான புதுசுல. பதினாறு வயசு வரைக்கும் இருந்துச்சாம்."

ஒரே பாயில் ரெண்டு பேருக்கும் இருந்ததோ என்று நான் முழித்தேன். உன்னை விட்டுக்கொடுக்க அப்போதும் மனசு வரவில்லை பார். வெளியே வராந்தாவில், பாப்பாவுக்குக் கேட்காத தூரத்தில் வைத்து மதினி மிச்சத்தைச் சொன்னாள். "விடியுமுன்ன எந்திரிச்சு, தூங்கிட்டிருக்க உன்ன அந்த ஈரத்துல உருட்டி விட்டுட்டு, அவுக டவுசர மாத்திக்கிருவாகளாம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாக. சொல்லி முடிச்சுட்டு, 'என் தங்கச்சிக்குத் தெரிஞ்சா நான் உசிரோட இருக்க மாட்டேன்'னாக."

சிரித்தாயா அண்ணே? எந்த இடத்தில் சிரித்தாய்? உருட்டிவிடுகிற இடத்திலா, நான் அடி வாங்குகிற இடத்திலா?

அந்த ஈர டவுசரை எங்கே ஒளித்தாய் என்று ரெண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் கம்பெனியில் காலண்டருக்கு மேல்விளிம்புத் தகரம் அடித்துக்கொண்டிருந்தபோது புரிந்தது. பாய்க்குள் வைத்துத்தானே சுருட்டினாய்? நான் குழாய் அடிக்கத் திரும்பும்போது அதை உருவிக்கொள்ளத்தானே ஒருநாள் தவறாமல் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அடிகுழாய்க்கு வந்தாய்? அப்போ அது ஒத்தாசையே இல்லையா? ஒருநாளாவது உண்மையிலேயே எனக்காக வந்திருக்கிறாயா? மிசினை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். என் வாழ்க்கையில் நான் பத்திரமாக வைத்திருந்த ஒன்று அதுதான். அதையும் நீ எடுத்துக்கொண்டாய்.

அடியைக்கூட மறந்துவிடுவேன். நம் வீட்டில் யார்தான் அடி வாங்கவில்லை. அஞ்சாம் வகுப்பு டீச்சர் வீடு தேடி வந்ததை எப்படி மறப்பேன்? "நல்லாப் படிக்கிற புள்ள, ஆறாப்புக்கு விருதுநகர் ஆஸ்டல்ல சேத்துவிடுங்க, நானே எழுதித் தாரேன்" என்று அம்மாவிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னார். அம்மா சம்மதித்துவிட்டாள். நான்தான் மாட்டேன் என்றேன். வரிசையாகப் படுத்திருக்கும் அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் நான் ஈரத்தோடு எழுந்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன், மாட்டேன் என்றேன். காரணம் கேட்டார் டீச்சர். நீ வாசலில் உட்கார்ந்து சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தாய். தலையைத் தூக்கி, "அவ பயந்தாங்குளி டீச்சர்" என்றாய்.

உனக்கு அப்போது பதிமூன்று வயது. சின்னப் பையன், பயந்துவிட்டான் என்று உன் பக்கம் நின்றும் யோசித்துப் பார்க்கிறேன். வெளியே சொல்லியிருந்தால் நீ செத்திருப்பாய், ஆம்பளைப் பையனை இந்த ஊர் விட்டிருக்காது. எல்லாம் சரி. ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே. வாயை மூடிக்கொண்டு பஞ்சர் ஒட்டியிருக்கலாமே.

அடுத்த வருசம் நான் பெரியமனுசியானேன். அன்றிலிருந்து எனக்குத் தனிப் பாய், நீ தனியாக மொட்டை மாடியில் படுக்கப் போய்விட்டாய். தனியாகப் படுத்த முதல் நாளே நின்றுபோனது. அன்றைக்கே எங்களில் ஒருவருக்காவது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. அம்மா வேண்டிக்கொண்டது பலித்துவிட்டது என்று மாரியம்மன் கோவிலில் எனக்கு மொட்டை போட்டாள். பன்னிரண்டு வயதுப் பெண், மொட்டைத் தலையோடு ஏழாம் வகுப்புக்குப் போனேன். நீ கோவில் கடையில் எனக்கு ஒரு சிவப்புத் தொப்பி வாங்கிக் கொடுத்தாய். அம்மாவும் கடைசிவரை என்னைத்தான் நம்பாமல் செத்தாள். விருந்தாளியாக எங்காவது தங்கப்போனால், "பாத்துப் படு" என்று கல்யாணமான பிறகும் காதில் சொல்லுவாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒருநாளாவது, ஒரே ஒருநாளாவது நானும் போயிருக்கிறேனா? அதற்குச் சாட்சி நீ ஒருத்தன்தான். நீயும் போய்விட்டாய்.

டாக்டரம்மா சொன்னதை எல்லாம் செய்கிறோம். பகலில் நிறையத் தண்ணீர், பள்ளிக்கூடத்துக்கும் பாட்டில் கொடுத்துவிடுகிறோம். அந்தி சாய்ந்த பிறகு குறைவாக, தாகத்துக்கு மட்டும். டீயும் கலர் பாட்டிலும் அறவே கிடையாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை ஒண்ணுக்குப் போகவேண்டும் என்று டீச்சரிடம் போய்ச் சொன்னேன், அவர்கள் ரூம் கக்கூஸ் சாவியை இவளுக்குத் தருகிறார்கள். வாழைப்பழம், கீரை, இளக்குகிற மருந்து, அதில் வெளிக்கி ஒழுங்காகிவிட்டது. படுக்குமுன் ஒருதடவை, படுக்கையைத் தட்டிப்போட்டுவிட்டு இன்னொருதடவை. விரிப்புக்கு அடியில் ரப்பர் சீட்டு. நனைந்தால், காலையில் நான் போய், அவளும் நானும் பேச்சே இல்லாமல் மாற்றிவிடுகிறோம். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, ஈரம் பட்டதும் மணியடிக்கிற கருவி ஒன்று இருக்கிறதாம், அது தேவையா என்று சொல்கிறேன் என்றார் டாக்டரம்மா. மாத்திரையும் உண்டு, அவர் சொல்லாமல் வாங்கித் தரக்கூடாது.

என் கம்பெனியில் அச்சுப் பிசகிய மாதக் காலண்டர் ஒன்று கொண்டுவந்து மாட்டியிருக்கிறேன். காய்ந்த நாளுக்கு அவளே நட்சத்திரம் போடுகிறாள். பதினைந்து நாளில் நாலு நட்சத்திரம். ஒரேயடியாக நிற்காது, மாதக்கணக்கில் ஆகும், வளர வளரப் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அந்த டாக்டரம்மா கடைசியில் ஒன்று சொன்னார். "அப்பாவுக்கும் இருந்துச்சு, தன்னால நின்னுருச்சுன்னு பிள்ளைகிட்டச் சொல்லுங்க. மருந்தவிட அது கேக்கும்."

திரும்பி வருகிற பஸ்ஸில் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "செத்துப்போன மனுசன் மானத்த எதுக்கு வாங்கணும் தாயி? அந்தப் பிள்ளைக்கு அவுக சாமி மாதிரி." என் மானம் தெருமுனையில் நின்றபோது எந்தச் சாமி வந்தது என்று கேட்க நாக்கு வரை வந்தது. பாப்பா ஜன்னல் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. மல்லாங்கிணற்றிலிருந்து பொண்ணெடுத்த நாளிலிருந்து உன்னை மதினி ஒரு வார்த்தை குறைத்துப் பேசியதில்லை. அதற்கு அவளுக்கு நீ என்ன நல்லது செய்தாய் என்று தெரியவில்லை.

பத்து நாள் எனக்கும் மதினிக்கும் பேச்சில்லை. ஒருநாள் வேன் ஏறப் போகிற நேரத்தில் திரும்பி வந்து, "சொல்லிரு. உருட்டிவிட்டத மட்டும் சொல்லாத" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன் அண்ணே, எனக்கு அதைத்தான் முதலில் சொல்ல ஆசையாக இருந்தது. உன் அப்பன் எப்பேர்ப்பட்டவன் தெரியுமா என்று தொடங்கி, ஒன்று விடாமல். என் துடையைக் காட்டி.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் நனைந்திருந்தாள். உன் படத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். சொன்னேன்.

"பாப்பா, உங்க அப்பாவும் சின்னப்புள்ளையில பாய நனைச்சிருக்காக."

"பொய் சொல்லாத அத்தே."

"சத்தியமா. உன்னயவிடப் பெரிய பையனா இருந்தப்பவும். பெறகு தன்னால நின்னுபோச்சு."

பாதி பின்னிய சடையோடு எழுந்துபோய் உன் படத்துக்கு நேர் எதிரே நின்றாள். உன்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீயுமாப்பா?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஏழு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கு உன்மேல் இருந்த கோபம் போகவில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்கு நடுவில் மிச்சக் கதையைச் சொல்ல என்னால் முடியவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். "அப்பத்தா அப்பாவ அடிச்சுச்சா?"

"இல்ல."

"சூடு வெச்சாகளா?"

"இல்ல."

"வேனுக்கு நிக்கிறவுக யாரும் கேலி பண்ணலையா?"

"இல்லம்மா. யாரும் அவுகள ஒண்ணும் சொல்லல."

நான் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. அவள் பெருமூச்சு விட்டு என் மடியில் சாய்ந்துகொண்டாள். "எங்கப்பா குடுத்து வெச்சவுக அத்தே" என்றாள். ஆமாம் என்றேன்.

உனக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். நான் இருக்கிறவரை இந்தப் பிள்ளை மேல் ஒரு கை விழாது, ஒரு கரண்டி காயாது. அவள் எந்த ஆஸ்டலுக்குப் போக ஆசைப்பட்டாலும் நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் விட்டுவருவேன். அவள் பெரியவளாகி ஒருநாள், "அப்பாவுக்குப் பதிலா யார் அத்தே அடி வாங்குனது?" என்று கேட்பாள். கெட்டிக்காரி, கேட்காமல் இருக்க மாட்டாள். அன்றைக்கு உனக்காக வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன். அதுவரைக்கும் நீ கொடுத்துவைத்தவனாகவே இருந்துகொள்.

உன் ஒரே தங்கச்சி,
பாப்பாவின் அத்தை